நாற்பது சதவீத மழை

ஷோன்தாலில் நாற்பது சதவீத மழை என்று காலை வானொலி சொன்னால், நூறு வயலில் நாற்பது வயல் நனையும், அறுபது வயல் நனையாது. வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும், இந்தப் பக்கம் புழுதி பறக்கும், முள்கம்பியில் உட்கார்ந்திருக்கும் குருவிக்கு ஒரு சிறகு ஈரமாகவும் ஒரு சிறகு காய்ந்தும் இருக்கும். அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்தின் மேற்கே, கோதுமையும் வானமும் மட்டுமே இருக்கிற சமவெளியில், மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் பாதிவரை இதுதான் நடப்பு. மற்ற ஊர்களில் அந்த எண்ணுக்கு வேறு பொருள் என்று சொல்கிறார்கள். சொல்லட்டும். ஒருமுறை பயிர்க் காப்பீட்டு ஆள் ஒருவர் நகரத்திலிருந்து அளவு நாடாவோடு வந்தார். வேலிக்கு இருபுறமும் காலைப் போட்டு நின்று, ஒரு ஷூ நனைய ஒரு ஷூ நனையாமல் வெகுநேரம் யோசித்துவிட்டுத் திரும்பிப் போனார். இப்போது பியானோ விற்கிறார் என்று கேள்வி.

ஆரம்பத்தில் எந்த நாற்பது என்பதை மழையே முடிவு செய்தது. அதில்தான் வினை வந்தது. அண்ணன் வயலில் பெய்து தம்பி வயலில் பெய்யாமல் போன வருடம், தம்பி விடிவதற்குள் வேலியைப் பிடுங்கி நகர்த்தி நட்டான். மழை அவனுக்கு முன்னால் வந்து பழைய வேலியின் குழிகளை ஒட்டியே பெய்துவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நனைந்தவர்கள் ஒரு பக்கமும் காய்ந்தவர்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். பங்குச் சாமியார் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பிரசங்கம் எழுதவேண்டியிருந்தது. இந்த எரிச்சலெல்லாம் டாட்டி என்ற அம்மாளின் காபிக் கடையில்தான் ஒரு முடிவுக்கு வந்தது. ஜன்னலோரம் இருக்கும் வட்ட மேசையில் நிலம் வைத்திருக்கும் ஆண்கள் காலையில் கூடுவார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய சொந்தக் கோப்பை உண்டு, அது சுவரில் சொந்த ஆணியில் தொங்கும். யார் காபிக்குக் காசு கொடுப்பது என்று தோல் குவளையில் மூன்று பகடையைப் போட்டுக் குலுக்குவார்கள். குறைந்த எண் விழுந்தவன் கொடுப்பான். ஒரு நாள் லிராய் ஹெர்மன், ஊரில் அதிக நிலம் உள்ளவர், காபிக்கே உருட்டுகிறோம், மழைக்கும் உருட்டிவிட்டால் என்ன என்று விளையாட்டாகக் கேட்டார். உருட்டினார்கள். பெரிய எண் விழுந்தவர்கள் வயலாக எண்ணிக்கொண்டே போய் நாற்பதில் நிறுத்தினார்கள். அன்று மாலை மழை அதே நாற்பது வயலில் பெய்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மேசையில் முடிவானால் முடிவானதுதான் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது, அது மழைக்கும் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மேசைக்கு ஒரே ஒரு விதி உண்டு. குலுக்கிக் கவிழ்த்தவன் கைதான் குவளையைத் தூக்கவேண்டும். இன்னொருவர் கை படக்கூடாது, அவன் தூக்கும்வரை அடுத்தவன் முறை வராது. கென்னி ஸ்டெக்லைன் ஒருமுறை சட்டைக் கையால் குவளையைத் தட்டிவிட்டு ஐந்தை ஆறாக்கியபோது போட்ட விதி அது. கென்னி இன்றைக்கும் அது தற்செயல்தான் என்கிறான்.

வானொலி மழையை மட்டும் சொல்வதில்லை. ஆலங்கட்டி பத்து சதவீதம் என்றும் சொல்லும், சுழல்காற்று இரண்டு சதவீதம் என்றும் சொல்லும். ஆலங்கட்டியைப் பற்றி மேசையில் அதிகம் விவாதம் நடந்ததில்லை. கோப்பை இல்லாதவர்களுக்கு அது போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். கோப்பை இல்லாதவர்கள் என்றால் குத்தகைக்காரர்கள், விதவைகள், ஊரின் தெற்கு ஓரத்தில் டிரெய்லர் வீடுகளில் குடியிருந்துகொண்டு மாட்டிறைச்சிக் கொட்டகையில் வேலை செய்பவர்கள். அவர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் யாரும் அங்கே இல்லை. இதைக் கொடுமை என்று மேசையில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் சுழல்காற்று விஷயத்தில் அவர்கள் கண்ணியமாக நடந்துகொண்டார்கள், அதை மறைக்கக்கூடாது. ஆள் சாகக்கூடிய சமாச்சாரம், அதை இல்லாதவன் தலையில் கட்டுவது பாவம், நமக்குள்ளேயே உருட்டிக்கொள்வோம் என்றார்கள். எந்த வருடம் இரண்டு சதவீதம் வந்தாலும் மேசையில் மிகக் குறைந்த எண் விழுந்தவன் வீட்டுக்கு அது போகும். பல வருடம் அது காலிக் கொட்டகையையோ தானியத் தொட்டியையோ தூக்கிக்கொண்டு போனதோடு சரி.

எமில் வைகலுக்கு மூன்று பகடையிலும் ஒன்று விழுந்தது. நூற்றறுபது ஏக்கர் குத்தகை நிலம்தான் அவருக்கு, ஆனாலும் நல்ல ஆள், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார் என்று குத்தகைக்காரர்களிலேயே அவருக்கு மட்டும் கோப்பை கொடுத்திருந்தார்கள். அதற்கு அவர் கொடுத்த விலை அது. அவர் முகம் சுளிக்கவில்லை. காபிக்குத் தோற்றால் காபிக்குக் கொடுக்கிறோம் இல்லையா என்றாராம். அன்றைக்கு அவர் சாப்பிட்ட ஆப்பிள் பைக்கு மற்றவர்கள் காசு கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய் மனைவி ரோசெல்லாவை அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பினார். மாட்டைப் பக்கத்து வயலுக்கு ஓட்டிவிட்டார். பிறகு சுழல்காற்றுக்குப் பதுங்குகிற நிலவறையின் கதவை மூடிவிட்டு, உள்ளே போகாமல், பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். உள்ளே போயிருந்தால் காற்று அவரைத் தேடிப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். வண்டி மட்டும் கிடைத்தது. வானொலி பாடிக்கொண்டிருந்தது.

சாவு வீட்டுக்கு ஊரே சாப்பாடு கொண்டுவந்தது. இங்கே வழக்கம் அது. கண்ணாடிப் பாத்திரத்தில் நூடுல்ஸும் கறியும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்டு, பாத்திரம் திரும்பி வரவேண்டுமே என்று அடியில் பெயர் எழுதிய பட்டையை ஒட்டிக் கொடுப்பார்கள். ரோசெல்லா எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அலமாரியில் அடுக்கினாள், ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஊரில் இதைப் பற்றி நிறைய பேசினார்கள். எமிலின் கோப்பையை டாட்டி கழுவி அதே ஆணியில் மாட்டினாள். மேசையில் அதை மரியாதை என்று சொன்னார்கள். மரியாதை உருட்டாது. உருட்ட ஆளில்லாததால் அதன்பின் ரோசெல்லாவின் நூற்றறுபது ஏக்கரில் ஒரு சொட்டு மழை பெய்யவில்லை, ஆனால் கோப்பை இல்லாதவள் கணக்கில் ஆலங்கட்டி மட்டும் தவறாமல் வந்தது. மூன்று வருடம் அவள் கோதுமை முழங்காலுக்கு ஏறவில்லை. நகரத்தில் இருந்த நிலச் சொந்தக்காரர் இந்த வருடமும் விளையாவிட்டால் நிலத்தை லிராய்க்கு விட்டுவிடப்போவதாகச் சொல்லி அனுப்பினார். லிராய் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு எதையுமே கேட்கவேண்டிய தேவை இருந்ததில்லை.

அந்த மே மாதத்தில்தான் மகள் மார்லா பல்கலைக்கழகத்தை முடித்துவிட்டு வீடு திரும்பினாள். வைகல் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு மேலே போன முதல் ஆள் அவள். படித்தது புள்ளியியல். முதல் வருடத்தில் ஒரு பேராசிரியர் நாற்பது சதவீத மழை என்றால் என்ன என்று கேட்க, நூறு வயலில் நாற்பது என்று எழுந்து நின்று பதில் சொன்னாள். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகவே அவள் நான்கு வருடமும் முதலாவதாக வந்தாள். உலகத்தில் வேறெங்கும் மழை வேலி பார்ப்பதில்லை, யாரும் அதை உருட்டுவதில்லை, அது பாட்டுக்கு வந்து அது பாட்டுக்குப் போகிறது என்று அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது. அது இயற்கை என்று பிறந்ததிலிருந்து நினைத்திருந்தாள். அது வெறும் மேசை என்று தெரிந்ததும் வந்த கோபம் நான்கு வருடமாக ஆறவில்லை. வந்த அன்றே அம்மாவிடம் கத்தினாள். ரோசெல்லா காய்ந்த கதிரைக் கசக்கிப் பார்த்துக்கொண்டு, கத்துறதை அங்க போய்க் கத்து, எனக்கு வேலை இருக்கு என்றாள்.

மறுநாள் காலை மார்லா டாட்டியின் கடைக்குப் போனாள். இந்த ஊர் ஆட்களின் பெரிய தொல்லையே இதுதான், யாரும் முரட்டுத்தனமாக நடந்துகொள்ள மாட்டார்கள். பெண்கள் உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்கள். நாற்காலிதான் இல்லை. லிராய் படிப்பெல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்று விசாரித்தார், அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

"காஞ்சு போய் இருக்காங்க," என்றாள் மார்லா.

"இந்த வருஷம் எல்லாருமேதான் காஞ்சு கிடக்கோம் கண்ணு," என்றான் கென்னி. அவன் கால்சட்டை முழங்கால்வரை ஈரமாக இருந்தது. மேசையில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

மார்லா கையை நீட்டி ஆணியிலிருந்து எமிலின் கோப்பையை எடுத்தாள்.

"அது எமிலோடது," என்றார் லிராய்.

"தெரியுது. பேர் எழுதியிருக்கே."

"ஒரு மரியாதைக்காக மாட்டி வெச்சிருக்கோம், பொண்ணு."

"அந்த மரியாதையைத்தான் மூணு வருஷமா எங்க வயல் குடிச்சிட்டு கிடக்கு. டாட்டி, இதுல காபி ஊத்துங்க."

டாட்டி வழக்கமாக எதைச் செய்வதற்கு முன்பும் லிராயின் முகத்தைப் பார்ப்பாள். அன்றைக்கும் பார்த்தாள். பார்த்துவிட்டுக் காபியை ஊற்றினாள். ஊற்றிய பிறகு சமையல் கட்டுக்குப் போய் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். மார்லா அதில் உட்கார்ந்தபோது மேசை அவள் மார்புக்கு மேலே இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் மேலிருந்த வானொலிப் பெட்டி பேசியது. வானிலை அலுவலகத்தின் அந்தக் குரல் மனிதக் குரல் இல்லை, சாவுச் செய்தியையும் சர்க்கரை விலையையும் ஒரே மாதிரி சொல்லும். மேற்கிலிருந்து வெப்பமும் தெற்கிலிருந்து ஈரமும் சமவெளியில் சந்திக்கின்றன, மழை நாற்பது, ஆலங்கட்டி பத்து, சுழல்காற்று இரண்டு என்றது. எமில் இறந்த வருடத்திற்குப் பிறகு அந்த இரண்டு என்ற எண் ஊருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஆண்கள் அவள் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார்கள். கோதுமை பால் பிடித்து முற்றுகிற நேரம், இப்போது ஒரு மழை விழுந்தால் மூட்டை, விழாவிட்டால் வைக்கோல். யாருக்கும் விட்டுக்கொடுக்கிற நிலை இல்லை.

"நீதான் புதுசு, நீ மொதல்ல உருட்டு," என்று லிராய் தோல் குவளையை அவள் பக்கம் தள்ளினார். நியாயமாகத்தான் தள்ளினார். அவள் உருட்டி நல்ல எண் விழுந்திருந்தால் அவள் அம்மாவின் வயலில் அன்று மழை பெய்திருக்கும், அதைத் தடுக்க யாரும் ஒரு விரலைக்கூட அசைத்திருக்க மாட்டார்கள். இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மார்லா குலுக்கினாள். கவிழ்த்தாள். உள்ளங்கையைக் குவளையின் மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"தூக்கு," என்றான் கென்னி.

"மாட்டேன்."

"தூக்கினாத்தானம்மா அடுத்த ஆள் உருட்ட முடியும்."

"அதனாலதான்."

விதி அப்படியே நின்றது. வேறு கை படக்கூடாது. அவள் தூக்கும்வரை அடுத்த முறை இல்லை. விதியைப் போட்டவர்களே அதைச் சுற்றி உட்கார்ந்து குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கை வீச்சில் தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் ஒரு தடவை தட்டினால் அதற்குப் பிறகு மேசையில் முடிவானது எதுவும் முடிவானதில்லை என்று ஆகிவிடும், மழை யார் பேச்சையும் கேட்காது. இதை அவர்கள் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது. தன் அப்பாவை அவர்கள்தான் உருட்டிக் கொன்றார்கள் என்று மார்லா சொன்னபோது லிராயின் கழுத்து சிவந்தது.

"அவனேதான் உருட்டினான். அவன் கையாலதான். யாரும் தொடலை. எல்லாம் நேர்மையா நடந்துச்சு."

"நேர்மையாத்தான் நடந்துச்சு. அதுதான் எனக்கு வயிறெரியுது."

பிற்பகலில் மேகம் வந்தது. மேற்கு எல்லையில், தானியக் கோபுரத்துக்கு அந்தப் பக்கம், இரும்புச் சட்டி நிறத்தில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். முன்னால் காற்று இல்லை, பின்னால் காற்று இல்லை. இடி இடிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டது. அபாயச் சங்கை ஊதும் ஆள் ஊதுவதா வேண்டாமா என்று தெரியாமல் விசையில் கையை வைத்துக்கொண்டே சாப்பிட்டான். மறுநாளும் மேகம் அங்கேயே நின்றது, வெயில் அதன் பக்கவாட்டிலிருந்து வந்து கோதுமையை வறுத்தது. லிராயின் வயலும் வறுபட்டது, கென்னியின் வயலும் வறுபட்டது, ரோசெல்லாவின் வயல் எப்போதும்போல் வறுபட்டது. ஊரில் எல்லாருடைய பொறுமையும் போய்விட்டது. ஆண்கள் காபி குடித்துக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டார்கள். யார் எழுந்து போனாலும் அவன் இல்லாத நேரத்தில் அவள் தூக்கிவிடுவாள் என்ற பயத்தில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மார்லா ஒரு கையால் சாப்பிட்டாள், உட்கார்ந்தபடியே தூங்கினாள், மற்றதற்கெல்லாம் குவளையை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள முடியாதே என்று கென்னி கேட்டபோது, டாட்டி ஒரு அகலமான தட்டைக் குவளைக்கு அடியில் சொருகிக் கொடுத்தாள். தட்டோடு போனாள், தட்டோடு வந்தாள். விதியில் தட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஆண்கள் வீட்டுக்கு வராததால் பெண்கள் கடைக்கு வந்தார்கள். லிராயின் மனைவி இர்மா முட்டைக்கோஸும் மாட்டுக்கறியும் அடைத்துச் சுட்ட பீராக் ரொட்டிகளைக் கூடையில் கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகத்தான் வந்தாள். ஆனால் ஒரு ஆள் கழிப்பறைக்கு எழுந்து போயிருந்த நாற்காலி காலியாக இருந்தது, கால் வலித்தது, உட்கார்ந்தாள். அந்த மேசையிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஊரே தெரிந்தது: அவள் வீடு, ரோசெல்லாவின் வீடு, தெற்கே டிரெய்லர் வரிசையில் ஆலங்கட்டி உடைத்து அட்டை ஒட்டிய ஜன்னல்கள். இத்தனை வருடம் இங்க உக்காந்து இதைத்தான் பாத்துட்டு இருந்தீங்களா என்று கணவனிடம் கேட்டாள். அவர் கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தார். போன ஆள் திரும்பி வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு கென்னியின் அக்கா வந்தாள். டிரெய்லர் வரிசையிலிருந்து யெசெனியா என்ற பெண் வேலைக்குப் போகிற வழியில் வந்து, உட்கார இடமில்லாமல் வானொலிப் பெட்டிக்குக் கீழே நின்றுகொண்டு, எங்க ஜன்னலுக்கு நீங்க யாரும் உருட்டினதே இல்லையே, அப்புறம் எப்படி எங்களுக்கு மட்டும் விழுது என்று கேட்டாள். ஒரு கேள்விதான், சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. மேசையில் எல்லாரும் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

கடைசியில் லிராய்தான் இறங்கி வந்தார். இரக்கத்தினால் என்று சொல்லமுடியாது, அவருடைய கோதுமைதான் ஊரில் அதிகம்.

"என்னதான் வேணும் உனக்கு?"

"எல்லாருக்கும் நாற்பது. நாற்பது பேருக்கு முழுசா இல்ல. ஒவ்வொரு வயலுக்கும் நூத்துல நாற்பது பங்கு."

"அப்படிப் பண்ணினா ஒருத்தனுக்கும் பத்தாது. எல்லாமே அரைகுறையாப் போயிடும்."

"போகட்டும். இத்தனை நாள் நாங்க தனியா நாசமாப் போனோம். இனிமே சேர்ந்து போவோம்."

லிராய் எல்லாவற்றையும் சரிபார்க்கிற மனிதர் என்பதால், அப்படியானால் அந்த இரண்டு சதவீதக் காற்றும் எல்லாருக்கும்தானே, உங்கள் வீட்டுக்கும்தானே என்று கேட்டார். நான்கு வருடப் படிப்பில் மார்லா மழையைப் பங்கு போட்டுப் பார்த்திருந்தாள். காற்றைப் பங்கு போட்டுப் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்கு அது ஏற்கெனவே ஒரு தடவை வந்திருக்கிறது. குவளையைத் தட்டோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், உள்ளே பகடைகள் கடகடவென்று சத்தம் போட்டன, எல்லாருக்கும் அது கேட்டது.

பதில் வாசலிலிருந்து வந்தது. ரோசெல்லா எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. வயலிலிருந்து நேராக வந்திருந்தாள், காலில் மண்.

"வரட்டும் லிராய். எங்க வீட்டுக்கு அது முழுசா வந்தப்பவே நாங்க வாங்கிக்கிட்டோம். ரெண்டு பங்கு வந்தா வாங்கிக்க மாட்டோமா? உங்களால முடியுமான்னு மட்டும் பாத்துக்கங்க."

லிராய் தலையை ஆட்டினார். மற்றவர்களும் ஆட்டினார்கள், கென்னி கடைசியாக. மார்லா குவளையைத் தூக்கினாள். மூன்று பகடையும் தட்டின்மேல் முனையில் நின்றுகொண்டிருந்தன. எந்தப் பக்கமும் மேலே இல்லை, எந்தப் பக்கமும் கீழே இல்லை. டாட்டி குனிந்து பார்த்துவிட்டு, சரி, எல்லாரும் அவங்கவங்க காபிக்கு அவங்கவங்களே காசு குடுங்க என்றாள். பகடைகள் இன்றைக்கும் அப்படியேதான் நிற்கின்றன. மேசையைத் துடைக்கும்போது அந்தத் தட்டைச் சுற்றித் துடைக்கிறாள்.

காசு எண்ணி முடிப்பதற்குள் மேகம் நகர்ந்தது. மழை பட்டை பட்டையாகப் பெய்தது. ஒவ்வொரு வயலிலும் நூறில் நாற்பது, கோரைப் பாயில் நடுநடுவே சாயம் போட்ட மாதிரி, ஒரு பட்டை ஈரம், ஒன்றரைப் பட்டை புழுதி. மாடுகள் பின்பக்கம் மட்டும் நனைந்து நின்றன. கொடியில் காய்ந்த துணியில் சட்டைகள் நனைந்து கால்சட்டைகள் நனையவில்லை. மாதா கோவிலில் திருமணம் நடந்துகொண்டிருந்தது, வெளியே வந்தபோது மாப்பிள்ளை நனைந்தான், பெண் நனையவில்லை, அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆலங்கட்டி ஒவ்வொரு வீட்டிலும் பத்தில் ஒரு கண்ணாடியை உடைத்தது. லிராயின் வீட்டில் அதுவரை ஒரு கண்ணாடியும் உடைந்ததில்லை, இர்மாவுக்கு அட்டை ஒட்டத் தெரியவில்லை, டிரெய்லர் வரிசைக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

சுழல்காற்று மாலையில் வந்தது. கயிறு மாதிரி மெலிசாக இருந்தது. வசூலுக்கு வந்த ஆளைப்போல வீடு வீடாக வரிசையாக வந்து நூறுக்கு இரண்டு எடுத்துக்கொண்டு போனது. லிராயின் மாடுகளில் நூறுக்கு இரண்டு, கோழிகளில் இரண்டு, டாட்டியின் கரண்டிகளில் இரண்டு, பாட்டுப் புத்தகங்களில் இரண்டு. கென்னிக்கு இரண்டு பல் போனது. முப்பத்திரண்டு பல்லுக்கு இரண்டு எடுத்தது அநியாயம் என்று மார்லாவிடம் கணக்குப் போடச் சொன்னான். ஒரு பல்கூட முழுசாக எடுத்திருக்கக்கூடாது என்று அவள் கணக்குப் போட்டுச் சொன்னதிலிருந்து, காற்று தனக்குப் பல் பாக்கி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஒருவரும் சாகவில்லை. இதை ஊரில் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. கரண்டிகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

ரோசெல்லா காற்று வந்து வீட்டைக் கலைத்துத் தேடவேண்டாம் என்று எமிலின் பூட்ஸ் இரண்டையும் வாசல்படியில் எடுத்து வைத்திருந்தாள். பாலிஷ் போட்டு வைத்திருந்தாள். மார்லா நிலவறைக்குள் வா என்று கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் தானும் வெளியே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று படி ஏறியது. பூட்ஸை எடுத்தது. ஆடிக்கொண்டிருந்த கம்பிவலைக் கதவைச் சாத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனது.

அந்த வருடம் கோதுமையைப் பட்டை பட்டையாக அறுத்தார்கள். அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர்கள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார்கள், ஒரு வயலுக்கு ஆகிற நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஆனது. லிராய்க்கு அவர் வாழ்நாளிலேயே குறைந்த விளைச்சல். ரோசெல்லாவுக்கு நூறில் நாற்பது விளைந்தது, நிலச் சொந்தக்காரர் அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார், நிலம் அவளிடமே இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த எல்லா வருடங்களும் இப்படித்தான். யாருக்கும் போதவில்லை. எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். வட்ட மேசை போதாமல் பக்கத்தில் இரண்டு மேசையை இழுத்துப் போட்டிருக்கிறது, சுவரில் ஆணி அடிக்க இடமில்லை, பட்டை அகலமா குறுகலா என்று ஆரம்பிக்கிற சண்டை மதியச் சாப்பாடுவரை போகிறது. மார்லா எமிலின் கோப்பையில் காபி குடித்துக்கொண்டு எல்லாரிடமும் எரிந்து விழுகிறாள். பழைய காலத்தில் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று லிராய் சொல்லும்போதெல்லாம் இர்மா அவரை ஒரு பார்வை பார்க்கிறாள்.

வானொலி இரண்டு என்று சொல்கிற வருடங்களில் வீடுகள்தோறும் வாசலில் சாமான் எடுத்து வைக்கிறார்கள். சிலர் உடைந்த நாற்காலி, ஓட்டை வாளி என்று வைத்து ஏமாற்றப் பார்த்தார்கள். காற்று அதைக் கூரைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்த் தையல் இயந்திரத்தை எடுத்துக்கொண்டது. பூட்ஸ் போன பிறகு எமிலின் சாமானில் கொடுக்கும்படியாக எதுவும் மிச்சமில்லை. அடுத்த தடவை என்ன கொடுப்பது என்று ரோசெல்லா வீடு முழுவதும் அலுத்துக்கொண்டே சுற்றி வந்தாள். மார்லா சுவரில் மாட்டியிருந்த தன் பட்டச் சான்றிதழைக் கழற்றப் போனாள். அதத் தொட்ட, கை இருக்காது என்றாள் அம்மா. பிறகு அலமாரியைத் திறந்து, சாவுக்கு வந்த கண்ணாடிப் பாத்திரங்களில் மேலே இருந்த இரண்டை எடுத்து, ஒரு தடவை துடைத்து, படியில் வைத்தாள்.

காற்று அவற்றை எடுத்துக்கொண்டு போய், அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து, ஒன்றை இர்மா வீட்டுப் படியிலும் ஒன்றைக் கென்னியின் அக்கா வீட்டுப் படியிலும் வைத்தது. கீறல் இல்லை. இர்மா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், தன் கையெழுத்தைப் படித்தாள், உள்ளே கொண்டுபோனாள். ரோசெல்லா யாரையும் மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்கவேண்டாம். அவள் திருப்பிக் கொடுக்கவில்லை, காற்றுதான் கொடுக்கிறது. காற்று வருகிற வருடத்துக்கு இரண்டு என்று போய்க்கொண்டிருக்கிறது, அலமாரியில் இன்னும் பாத்திரங்கள் இருக்கின்றன.